லாபம் வந்த வழி என்ன? கம்பெனி ஆளுகைக்குள் வந்திருக்கும் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு

நொய்யல் ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருவதே அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள், திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்தும் சலவைப் பட்டறைகளிலிருந்தும் வெளியேறிய உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் அணையில் தேங்கியது. எந்த நீருக்காக அணை கட்டப்பட்டதோ, அந்த நீர் தங்கள் வயலுக்குள் வரவே கூடாது என்று விவசாயிகள் போராடும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின, நஞ்சை நிலங்கள் தரிசாயின.

அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருவளர்ச்சி கண்டது. பட்டறைக்காரரின் கணக்கிலும், பனியன் கம்பெனியின் கணக்கிலும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த ஆடைகளை விற்ற பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையிலும் லாபம் முறையாகவே பதிவாயிற்று. கணக்குத் தணிக்கையாளர் எவரும் அதில் பிழை கண்டிருக்க முடியாது. ஆனால் அந்த லாபத்தின் ஒரு பகுதி, கழிவுநீரைச் சுத்திகரிக்கச் செலவிட வேண்டிய பணத்தைச் செலவிடாததால் மிஞ்சியது. அந்தச் செலவை ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயி தன் நிலத்தைக் கொண்டு செலுத்தினார். அவருடைய இழப்பு யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

ஒரு கம்பெனி தன் லாபத்தை எப்படிச் செலவிடுகிறது என்பதைவிட அந்த லாபத்தை எப்படி ஈட்டியது என்பதே முதன்மையான கேள்வி. அந்தக் கேள்வியை இயக்குநர் குழுவின் மேசைக்குக் கொண்டுவரும் முயற்சியைத்தான், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு நிறுவன ஆளுகையை மாற்றி அமைக்கிறது என்று சொல்கிறோம். இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு, அந்த மாற்றம் எங்கே நடக்கிறது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே தடைபட்டு நிற்கிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

ஆளுகை என்றால் என்ன?

நிர்வாகம் வேறு, ஆளுகை வேறு. ஆலையை ஓட்டுவது, சரக்கை விற்பது, சம்பளம் போடுவது எல்லாம் நிர்வாகம். அந்த நிர்வாகத்தை யார் நியமிக்கிறார்கள், பெரிய முடிவுகளை யார் எடுக்கிறார்கள், எடுத்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்பவை ஆளுகையைச் சேர்ந்த கேள்விகள்.

சட்டத்தின் பார்வையில் கம்பெனி என்பது ஒரு தனி நபர். அது சொத்து வாங்கலாம், கடன் பெறலாம், வழக்குத் தொடுக்கலாம். அதில் பணம் போட்டவர்கள் பங்குதாரர்கள். கம்பெனி நொடித்துப்போனாலும் அவர்கள் போட்ட பணத்துக்கு மேல் இழக்க வேண்டியதில்லை. அவர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழு கம்பெனியின் சார்பில் சிந்திக்கிறது; அந்தக் குழு நியமிக்கும் மேலாண்மை அதைச் செயல்படுத்துகிறது. பணம் போட்டவர் ஒருவர், முடிவு எடுப்பவர் வேறொருவர் என்பதால், முடிவு எடுப்பவர் ஏமாற்றாமல் இருப்பதற்கான ஏற்பாடுகளே நெடுங்காலம் ஆளுகை என்று கருதப்பட்டன. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவரே தன் நிறுவனத்தின் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டவை என்று ஒப்புக்கொண்டபோது, இந்தியாவில் எழுந்த விவாதம் முழுவதும் இந்த ஏமாற்றைச் சுற்றியே இருந்தது. கம்பெனியோடு வேறு தொடர்பு இல்லாத சுயேச்சை இயக்குநர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், தணிக்கையாளர் எதைப் பார்த்தார் என்று கேட்டோம். அவை அவசியமான கேள்விகளே.

ஆனால் நொய்யல் விவசாயி பங்குதாரர் அல்ல. அவரை யாரும் பொய்க் கணக்குக் காட்டி ஏமாற்றவில்லை. பழைய ஆளுகை எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அவருக்கு அதில் இடம் இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயுவால் இறந்த ஆயிரக்கணக்கானோரும் அப்படியே ஆளுகைக்கு வெளியே நின்றவர்கள்தாம். 1989-இல் 47 கோடி டாலருக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீடு, கம்பெனியின் முடிவுகளால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்ற கேள்வி எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்கப்படுகிறது என்பதைக் காட்டியது.

சட்டத்தில் வந்த ஒரு வாக்கியம்

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இந்தப் பொருளுக்கு அடிப்படையானவை. ஒன்றை எல்லோரும் அறிவார்கள். மற்றொன்றைச் சிலரே அறிவார்கள். அறியப்படாத அந்தப் பிரிவையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

எல்லோரும் அறிந்தது 135-ஆம் பிரிவு, அதாவது சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்புச் செலவு. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயோ, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ எட்டிய கம்பெனி, கடந்த 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சட்டம் பட்டியலிடும் பொதுநலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஒரு கம்பெனியின் லாபம் 3 ஆண்டுகளில் முறையே 240, 300, 360 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சராசரி 300 கோடி. செலவிட வேண்டியது 6 கோடி. தொடக்கத்தில், செலவிடாதவர்கள் ஏன் செலவிடவில்லை என்று அறிக்கையில் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரி முதல் அந்த வழி மூடப்பட்டது. செலவிடாத தொகையை உரிய கெடுவுக்குள் தனிக் கணக்குக்கோ அரசு குறிப்பிடும் நிதிக்கோ மாற்றியாக வேண்டும், தவறினால் அபராதம் உண்டு.

அந்தப் பணத்தால் பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறைகளும் கிராமங்களுக்கு மருத்துவ முகாம்களும் கிடைத்திருக்கின்றன. அதைக் குறைத்துப் பேசுவது நியாயம் ஆகாது. ஆனாலும் 135-ஆம் பிரிவு, லாபம் வந்து சேர்ந்த பிறகு தொடங்கும் கதை. ஊர் ஏரியில் கழிவைக் கொட்டியவர் அந்த ஊர்க் கோயில் திருவிழாவில் அன்னதானம் செய்தால், அன்னதானம் நல்ல காரியமே. அதனால் ஏரி சுத்தமாகிவிடாது. சட்டத்தை எழுதியவர்களும் இந்த வேறுபாட்டை உணர்ந்தே இருந்தார்கள். கம்பெனி தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் எதையும், தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் எதையும், வேறொரு சட்டத்தின்படி கட்டாயமாகச் செய்தே ஆக வேண்டிய எதையும் சிஎஸ்ஆர் கணக்கில் சேர்க்க முடியாது என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே ஓர் ஆலை தன் கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலையம் கட்டினால் அது சிஎஸ்ஆர் ஆகாது. அது கடமை, அந்தச் செலவு லாபத்தைக் கணக்கிடுவதற்கு முன்பே கழிக்கப்பட வேண்டியது.

சிலரே அறிந்த பிரிவு 166-இன் இரண்டாம் உட்பிரிவு. ஓர் இயக்குநர், உறுப்பினர்கள் (கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர்கள்) அனைவரின் நன்மைக்காகக் கம்பெனியின் நோக்கங்களை முன்னெடுத்துச் செல்லும் வகையிலும், கம்பெனி, அதன் ஊழியர்கள், பங்குதாரர்கள், சமூகம் ஆகியோரின் நலன் கருதியும், சுற்றுச்சூழலைப் பாதுகாக்கும் பொருட்டும், நல்லெண்ணத்துடன் செயல்பட வேண்டும் என்பது அதன் சாரம். இந்த ஒரே வாக்கியத்தில் பங்குதாரரும் ஊழியரும் சமூகமும் சுற்றுச்சூழலும் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்திலும் இதை ஒத்த பிரிவு உண்டு. ஆனால் அங்கே உறுப்பினர்களின் நன்மைக்காகக் கம்பெனியின் வெற்றியை நாடும்போது மற்றவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது. இந்தியச் சட்டம் அப்படி ஒருவரை முன்னே வைத்து மற்றவர்களைப் பின்னே நிறுத்தவில்லை. கானமயில் பறவைகளை மின்கம்பிகளிலிருந்து காப்பது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் பிறப்பித்த ஆணையிலும் இந்தப் பிரிவு நினைவூட்டப்பட்டது.

இதன் பொருளைச் சாதாரண மொழியில் சொல்லிப் பார்க்கலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாமா என்ற கேள்வி இயக்குநர் குழுக் கூட்டத்தில் வரும்போது, தள்ளிவைத்தால் இந்தக் காலாண்டின் லாபம் கூடும் என்று ஒருவர் வாதிடலாம். முன்பு அந்த வாதமே போதுமானதாக இருந்தது. இன்று அதற்கு எதிராக இன்னோர் இயக்குநர், சுற்றுச்சூழலைப் பாதுகாப்பதும் சட்டம் என் மீது சுமத்திய கடமை என்று சொல்லவும், அதைக் கூட்டக் குறிப்பில் பதியவைக்கவும் முடியும். தொழிற்சங்கமோ போராட்டக் குழுவோ வெளியே நின்று கேட்கும் கேள்வி, உள்ளே இருப்பவரின் கடமையாக மாறுகிறது.

ஆனால் இந்தப் பிரிவை மீறிய இயக்குநருக்கு விதிக்கப்படும் அபராதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை மட்டுமே. கம்பெனியின் போக்கு தவறு என்று கூட்டாக வழக்குத் தொடுக்க 245-ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் அந்த வழி பங்குதாரர்களுக்கும் வைப்புத்தொகை போட்டவர்களுக்கும் மட்டுமே திறந்திருக்கிறது. சமூகத்தின் பெயர் கடமையில் இருக்கிறது, கதவைத் தட்டும் உரிமையில் இல்லை. இதுவே இன்றைய இந்திய ஆளுகைச் சட்டத்தின் மிகப் பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். நொய்யல் விவசாயிகளுக்கு உதவியதும் கம்பெனிகள் சட்டம் அல்ல. அரசியலமைப்பின்படி உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரமும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும்தான். அந்தக் கோட்பாட்டை 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்ததும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான்: பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு அது.

திருப்பூரில் நடந்தது

ஆற்றுப் பாசன விவசாயிகளின் சங்கம் தொடுத்த வழக்கில், சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகளின் பக்கமே நின்றது. அப்போதும் கழிவுநீர் ஆற்றில் ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று, விதியை நிறைவேற்றாத சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். துணியைச் சாயமிட வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

பிறகு, மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நுண்ணுயிர்களைக் கொண்டு முதற்கட்டச் சுத்திகரிப்பு, பின்னர் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுகள், கடைசியில் எஞ்சிய உவர்நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் கொப்பரைகள் என்று படிப்படியாக ஒரு முறை உருவானது. சாயமிட்ட நீரில் பெரும்பகுதியை மீட்டு மீண்டும் பட்டறைக்கே அனுப்ப முடிந்தது; உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்று வெளிநாட்டு வாங்குவோரிடம் திருப்பூர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இந்த ஏற்பாட்டைத்தான். கடைசியில் மிஞ்சும், எதற்கும் பயன்படாத கலப்பு உப்பை என்ன செய்வது என்பதற்கு மட்டும் முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை.

ஆளுகையின் நோக்கில் இதைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். சுத்திகரிப்பு தொழில்நுட்பம் 2011-இல் திடீரென்று பிறந்துவிடவில்லை. அதற்கு முன் அந்தச் செலவைச் செய்ய வேண்டிய கட்டாயம் முடிவு எடுப்பவர்களுக்கு இல்லை. தாமதப்படுத்துவது மலிவாக இருந்தது. மின் இணைப்பு போன அன்று தாமதம் விலை உயர்ந்ததாக ஆயிற்று. சுற்றுச்சூழல் பொறுப்பை இயக்குநர் குழுவின் அன்றாட வேலையாக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் சொல்வது இதையே: நீதிமன்றம் மின்சாரத்தைத் துண்டிக்கும் நாள்வரை காத்திருந்தால் ஆறும் போகிறது, தொழிலாளியின் கூலியும் போகிறது, பங்குதாரரின் பணமும் போகிறது. தூத்துக்குடியிலும் அதைக் கண்டோம். வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை எதிர்த்து நடந்த போராட்டத்தின் 100-ஆம் நாளான 2018 மே 22 அன்றும் அதற்கு மறுநாளும் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு ஆலையை நிரந்தரமாக மூட உத்தரவிட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய நிறுவனத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

பணம் போடுபவர்களின் கேள்வி

தூத்துக்குடி ஆலையைப் பற்றிய எச்சரிக்கை, மூடப்படுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, பலரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்திருந்தது. நார்வே நாட்டின் எண்ணெய் வருவாயைச் சேமித்து வைக்கும் அரசு ஓய்வூதிய நிதிக்கு ஓர் அறநெறி ஆலோசனைக் குழு உண்டு. அந்தக் குழு, தூத்துக்குடி உருக்காலை உள்ளிட்ட இந்திய ஆலைகளால் ஏற்பட்ட சுற்றுச்சூழல் சேதத்தையும் மனித உரிமைப் பிரச்சினைகளையும் ஆராய்ந்து, லண்டனில் பட்டியலிடப்பட்டிருந்த வேதாந்தா ரிசோர்சஸ் நிறுவனத்தில் நிதியின் பணம் இருக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது; 2007-இல் அந்த நிறுவனம் விலக்கப்பட்டது. 2010-இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் அதே நிறுவனம் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டவிருந்த திட்டத்தை முன்னிட்டு இங்கிலாந்துத் திருச்சபையும் அதில் தனக்கிருந்த பங்குகளை விற்றது. நியம்கிரியில் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 12 கிராம சபைகள் கூடின. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றே முடிவெடுத்தன.

இத்தகைய முதலீட்டாளர்கள் அனைவரும் இரக்கத்தால் மட்டும் நடப்பவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஓய்வூதிய நிதி ஒன்று முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் பணம் தர வேண்டிய கடமை உள்ளது. மூடப்படக்கூடிய ஆலையும் வற்றக்கூடிய நீர்வளமும் அதற்கு நேரடியான இடர். சுற்றுச்சூழல், சமூகம், ஆளுகை ஆகிய மூன்றையும் சேர்த்து இஎஸ்ஜி என்று அழைக்கும் வழக்கம் 2004-இல் ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியில் வெளிவந்த ஓர் அறிக்கையிலிருந்து பரவியது. அந்த அறிக்கையின் வாதமும் இதுவே. இந்த வாதத்தின் வலிமையை உலகம் நன்கு உணர்ந்த நாள் 2021 மே மாதத்தில் வந்தது. எக்சான்மொபில் எண்ணெய் நிறுவனத்தின் பங்குகளில் 0.02 விழுக்காடு மட்டுமே வைத்திருந்த எஞ்சின் நம்பர் ஒன் என்ற சிறு முதலீட்டு நிறுவனம், எரிசக்தித் துறையின் மாற்றத்துக்கு நிர்வாகம் தயாராகவில்லை என்று வாதிட்டு, பெரிய ஓய்வூதிய நிதிகளின் வாக்குகளைத் திரட்டி, 12 பேர் கொண்ட இயக்குநர் குழுவில் 3 இடங்களைக் கைப்பற்றியது.

அறிக்கையில் வரும் எண்கள்

முதலீட்டாளரோ பத்திரிகையாளரோ ஊர்க்காரரோ கேள்வி கேட்க வேண்டுமானால் தகவல் வேண்டும். இந்தியாவில் அதற்கான முதன்மைக் கருவி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்த பிஆர்எஸ்ஆர் எனப்படும் தொழில் பொறுப்பு, நீடித்த வளர்ச்சி அறிக்கை. 2012-இல் முதல் 100 நிறுவனங்களுக்கு எளிய வடிவில் தொடங்கிய இந்தக் கடமை, 2021-இல் விரிவான படிவமாக மாறி, 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமாயிற்று.

படிவத்தின் சிறப்பு, அது கொள்கை வாசகங்களோடு நிற்காமல் எண்களைக் கேட்பதில் இருக்கிறது. எங்கிருந்து எவ்வளவு நீர் எடுத்தீர்கள், சுத்திகரித்தும் சுத்திகரிக்காமலும் எங்கே விட்டீர்கள்? ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர், வேலையிடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்? மொத்தச் சம்பளத்தில் பெண்களுக்குப் போனது எவ்வளவு? பாலியல் துன்புறுத்தல் குறித்து எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை நிலுவையில் இருக்கின்றன? சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் தர எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிறு பட்டறைக்காரர் தன் ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுப்பதும் கொடுக்காமல் போவதும், பெரிய கம்பெனியிலிருந்து அவருக்குப் பணம் எப்போது வருகிறது என்பதையே பொறுத்தது. அதுவும் சமூகப் பொறுப்புதான் என்று படிவம் ஒப்புக்கொள்கிறது.

இந்த எண்கள் இயக்குநர் குழுவுக்குள்ளும் மாற்றத்தைக் கொண்டுவருகின்றன. எண்ணைத் திரட்ட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அதை மேற்பார்க்க ஓர் இயக்குநர் வேண்டும். பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்களில் இடர் மேலாண்மைக் குழு கட்டாயம் என்றும், அந்தக் குழு நிதி இடரோடு சுற்றுச்சூழல், சமூக இடரையும் ஆராய வேண்டும் என்றும் செபியின் விதிகள் சொல்கின்றன. முக்கியமான சில எண்களை வெளியார் ஒருவர் சரிபார்க்கவும் வேண்டும். 2023-24-இல் முதல் 150 நிறுவனங்களோடு தொடங்கிய இந்தக் கடமை படிப்படியாக 1,000 நிறுவனங்களுக்கு விரிகிறது. இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற சட்டத்தையும், முதல் 1,000 நிறுவனங்களில் அவர் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்ற செபி விதியையும் இதே மாற்றத்தின் பகுதியாகப் பார்க்க வேண்டும்.

அறிக்கையைப் படிப்பவர் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி உண்டு. பல நிறுவனங்கள் மொத்த நீர்ப் பயன்பாட்டைவிட, ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு நீர் என்ற விகிதத்தையே முன்னிறுத்துகின்றன. விற்றுமுதல் 100-லிருந்து 120 ஆகவும் நீர்ப் பயன்பாடு 100-லிருந்து 110 ஆகவும் உயர்ந்தால் விகிதம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்ததாகத் தெரியும். ஆனால் நிலத்தடியிலிருந்து 10 விழுக்காடு கூடுதலான நீர் போயிருக்கிறது. இரண்டு எண்களும் உண்மையே. பக்கத்து ஊர்க் கிணற்றுக்குப் பொருட்படுவது இரண்டாவது எண்.

கையெழுத்தும் தணிக்கையும்

சமூகப் பொறுப்பு என்ற சொல் ஒரு தையல் ஆலையின் தரைக்கு எப்படி இறங்குகிறது என்பதற்குத் திண்டுக்கல்லில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் வெளிநாட்டுப் பிராண்டுகளுக்கு ஆடை தைத்த ஓர் ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். அந்த ஆலைக்கு நடத்தை நெறிகள் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வந்து, பட்டியலைச் சரிபார்த்து, சான்றிதழ் தந்துவிட்டுப் போகும் தணிக்கை முறை பல ஆண்டுகளாக இந்தத் தொழில் முழுவதும் இருந்துவருகிறது. மேற்பார்வையாளரின் வசவையும் தொல்லையையும் அந்நியர் ஒருவரிடம், ஆலைக்குள்ளேயே, அரை மணி நேரத்தில் எந்தப் பெண் சொல்லிவிடுவாள்?

2022 ஏப்ரலில் உருவான திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த முறையை மாற்றியது. தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம், சர்வதேச உரிமை அமைப்புகள், ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், வாங்குவோரான எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியோர் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். அதன்படி, வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றுத் தளத்தில் இருந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு தன் ஆர்டரில் கைவைக்க வேண்டும். தணிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பாதிக்கப்படக்கூடியவரே ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாக இருப்பதில் இருக்கிறது. 166-ஆம் பிரிவில் சமூகத்துக்குக் கிடைக்காத அந்தக் கதவு, இங்கே ஒப்பந்தத்தின் மூலம் திறந்தது.

பின்னோக்கிய இழுப்பு

இந்த மாற்றம் ஒரே திசையில் ஓடவில்லை. அமெரிக்காவில் இஎஸ்ஜி என்ற சொல்லே அரசியல் சண்டையாகி, சில மாநிலங்கள் அதைக் கருதும் முதலீட்டு நிறுவனங்களை விலக்கச் சட்டம் இயற்றின. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல், பெரிய நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலி முழுவதும் மனித உரிமை, சுற்றுச்சூழல் பாதிப்புகளைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டே, தொழில்துறையின் சுமையைக் குறைக்கிறோம் என்று அதைச் சுருக்கும் வேலையில் இறங்கியது. பசுமைப் பூச்சு என்று சொல்லப்படும், செய்யாததைச் செய்ததாகக் காட்டும் விளம்பரமும் எங்கும் பரவியிருக்கிறது. ஒரே நிறுவனத்துக்கு ஓர் இஎஸ்ஜி மதிப்பீட்டாளர் உயர்ந்த இடமும் இன்னொருவர் தாழ்ந்த இடமும் தருவது, எதை அளக்க வேண்டும் என்பதிலேயே அவர்களுக்குள் உடன்பாடு இல்லாததால் நேர்கிறது.

இந்தியாவிலும் ஒரு தளர்வு வந்திருக்கிறது. கம்பெனியின் சொந்த ஆலைகளோடு நிற்காமல், அதற்குச் சரக்குக் கொடுப்பவர்கள், அதனிடம் வாங்குபவர்கள் பற்றிய தகவலையும் பெரிய நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று செபி 2023-இல் திட்டமிட்டிருந்தது. 2025 மார்ச்சில் அது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. விருப்பப்பட்டு வெளியிடும் நிறுவனமும், மதிப்பில் தன் கொள்முதலில் அல்லது விற்பனையில் 2 விழுக்காடோ அதற்கு மேலோ பங்குள்ளவர்களைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். சிறு நிறுவனங்கள் மீது படிவச் சுமை ஏறக்கூடாது என்ற காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தின் கொள்முதல் நூற்றுக்கணக்கான சிறு கூடங்களில் சிதறிக் கிடக்கும். அவற்றில் ஒரு சாயப்பட்டறையின் பங்கு 2 விழுக்காட்டை எட்டுவது மிக அரிது. நொய்யலுக்குள் கழிவுநீரை விட்டவை அத்தகைய பட்டறைகளே.